அத்தை தோற்ற வாரம்

அந்த வாரம் வரை என் மாமியார் தோற்று நான் பார்த்ததே இல்லை. வாக்குவாதத்திலும் சரி, செஸ்ஸிலும் சரி. வாக்குவாதம் என்றால் மாமா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிடுவார். செஸ்ஸில் அந்தப் பெருந்தன்மைக்கு வேலையே இல்லை, மனுஷர் தானாகவே தோற்றுவிடுவார்.

அத்தை வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவை துவைத்து உலர்ந்து மடிப்புக் கலையாமல் வார்டுக்குத் திரும்புகிற வரை அங்கே அத்தை வைத்ததுதான் சட்டம். உலர்த்தும் மெஷின் சுற்றுகிற நேரத்தில் மட்டும் யாருக்கும் வேலை இருக்காது. அந்த நேரத்தில்தான் பாய்லர்காரர் ஒரு காலி சோப்புப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே கட்டம் போட்டு, மருந்து பாட்டில் மூடிகளைக் காயாக வைத்து அத்தைக்கு செஸ் சொல்லிக்கொடுத்தார். ஏன் சொல்லிக்கொடுத்தோம் என்று பின்னால் அவர் நொந்துகொண்டிருப்பார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அத்தை அவரை ஓட ஓட விரட்டினாராம்.

அதே ஆஸ்பத்திரி பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது மாமா ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். மாமா லிஃப்ட் மெக்கானிக். மூடி கழற்றக்கூடிய எதையும் அவரால் விட்டுவிட்டு வர முடியாது. பால் தூக்கலாக இருக்கிற டீயின் நிறத்தில் ஒரு பெட்டி. ஆன் செய்தால் கறுப்புத் திரை, அதில் ஒரு செஸ் விளையாட்டு. அத்தை ரிட்டயர் ஆன நாளிலிருந்து தினமும் காலையில் அந்தக் கம்ப்யூட்டரைத் தோற்கடித்துவிட்டுத்தான் செய்தித்தாளைக் கையில் எடுப்பார்.

ஆனால் ஒவ்வொரு காயையும் நகர்த்தக் கட்டத்தின் எழுத்தையும் எண்ணையும் தட்ட வேண்டும். அத்தைக்கு விரல் மூட்டெல்லாம் வலி. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற மருமகள் நான் வீட்டில் இருந்துகொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பதா? ஆபீஸ் ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கான அடுத்த ஆபரேட்டிங் சிஸ்டம், ஒரு கட்டு ஃபிளாப்பி டிஸ்க்காக, தூசியோடு கிடைத்தது. அதைப் போட்டால் அதே செஸ் விளையாட்டில் மவுஸ் வேலை செய்யும். அள்ளிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ஒரு ஃபிளாப்பியை விழுங்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் வெங்காயம் உரித்து, துணி மடித்து, அம்மாவிடம் போனிலும் பேசிவிட்டேன். பொறுமை போய்ப் பெட்டியை முன்னும் பின்னும் பார்த்தபோது முன்பக்கத்தில் ஒரு பட்டன். டர்போ என்று எழுதியிருந்தது, பக்கத்து விளக்கு எரியவில்லை. அழுத்தினேன். விளக்கு எரிந்தது. பெட்டி தூக்கம் கலைந்த மாதிரி கடகடவென்று ஓட ஆரம்பித்தது. டீ கொண்டுவந்த மாமாவின் முகம் அந்த விளக்கைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆனது. டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். என்னவென்று நானும் கேட்கவில்லை, என் சாமர்த்தியத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தை மவுஸைப் பிடித்து ராணியை அலுங்காமல் நகர்த்தியபோது வீடே கைதட்டியது. அன்றே அத்தை தோற்றார். மறுநாளும் தோற்றார். அதற்கடுத்த நாள் ஆட்டம் பாதியில் இருக்கும்போதே எழுந்துவிட்டார்.

"மவுஸ் பழகலை அத்தை, அதான்" என்றேன்.

"கைக்கு ஒண்ணும் இல்லம்மா." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான் ஏதோ ஆகுது. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல சீட்டாட்டத்துல தடுமாறினா. கடைசியில என்னையே யாருன்னு கேட்டா. உங்க மாமாகிட்ட மூச்சு விடாதே."

அந்தப் பெரியம்மாவை நானும் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அத்தை குளிக்கும்போது வார்டுகளின் பெயரை வரிசையாக ஒப்பித்துப் பார்ப்பது கேட்கும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றுவிடும். செஸ் பக்கமே போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாமாவை ஒரு வாரமாகத் திட்டவில்லை. மாமா ஆடிப்போய்விட்டார்.

சனிக்கிழமை அத்தை மொட்டைமாடியில் துணி காயப்போடப் போயிருந்தார். மாமா பூனை மாதிரி அந்த அறைக்குள் நுழைவதைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன். டர்போ பட்டன் மேல் அவர் விரல் இருந்தது.

"என்ன மாமா பண்றீங்க?"

"சத்தம் போடாதேம்மா. இதை அணைச்சுட்டா இது கொஞ்சம் மந்தமாயிடும். ஒரு காய் நகர்த்த இவ்வளவு நேரம்தான்னு அதுக்குக் கணக்கு. மெதுவா ஓடினா அந்த நேரத்துக்குள்ள ரொம்ப யோசிக்க முடியாது. கொண்டுவந்த புதுசுலயே நான்தான் அணைச்சு வெச்சேன்."

"எனக்காகவா?"

வாசலில் அத்தை, இடுப்பில் காலி வாளியோடு.

மாமா திருதிருவென்று விழித்தார். "உனக்கு எதுக்கு? எனக்காக. ஒரு தடவையாவது இதை ஜெயிச்சுடலாம்னு பாத்தேன். மந்தமாக்கியும் என்னால முடியலை. இது வேகமா ஓடினாலும் நீ ஜெயிச்சுடுவேன்னு நெனச்சேன். அதான் வாயைத் திறக்கலை."

"அப்போ நான் தோத்ததெல்லாம் இந்தப் பட்டனாலயா?"

"வேற எதனால?"

"நான் அக்கா மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சேங்க."

மாமா வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இருப்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். அத்தை அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா மெதுவாகக் கேட்டார். "அணைச்சுடட்டுமா?"

"கையை எடுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்படியே இருக்கட்டும்."

நானும் மாமாவும் கூடத்தில் வந்து உட்கார்ந்தோம். டீ ஆறுவதற்குள் உள்ளேயிருந்து அத்தை குரல், சிரிப்போடு, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"தோத்துட்டேன்!"