ராகம் போட்ட பயம்
அலுவலகத்தில் புதிய பொறுப்பை ஏற்கச் சொன்னதும் எனக்குப் பயத்தில் தூக்கம் கெட்டது. ஆன்லைனில் மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசத் தொடங்கினேன். எண்ணங்களை விரட்டாமல் வந்துபோக விடுவதுதான் அவருடைய சிகிச்சை.

ஒரு காலையில், "உங்களைப் படுத்துற நினைப்பை ராகம் போட்டுப் பாடுங்க" என்றார்.

அயனம்பாக்கம் ஃபிளாட்டின் கூடத்தில் உட்கார்ந்து, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று கூச்சத்தோடு இழுத்துப் பாடினேன். திறந்திருந்த கதவருகே தண்ணீர் கேனோடு நின்றவர், "இன்னா சார், இம்மாம் சோகமான பாட்ட இவ்ளோ குஜாலா பாடிகினு கீறீங்க?" என்றார்.

திரையில் ஆலோசகர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலி கேனை எடுத்துக் கொடுத்தேன்.

பயம் போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று, பொறுப்பை ஏற்பதாக மதியமே மேலாளருக்கு எழுதினேன்.