வெள்ளந்தி ஹீரோவின் முதல் கேள்வி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் மீன் குழம்பு, பிறகு டிவியில் ஒரு கிராமத்துப் படம். கள்ளிக்குப்பத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். தாத்தா இதே ஊரில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்த நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகிவிட்டது. படத்தில் வயல் வந்தால் அப்பா நிமிர்ந்து உட்காருவார். “பாத்துக்கினே இரு, நாத்து நடுறவங்கள ஒரு பாட்டுக்கு மேல காட்ட மாட்டான்” என்பார். பாட்டு முடிந்ததும் படுத்துவிடுவார்.

எனக்கு வயலும் வேண்டாம், வரப்பும் வேண்டாம். ஹீரோ போதும். எண்ணெய் வழிய வாரிய தலை, கழுத்து வரைக்கும் பொத்தான், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். ஊரே கைகொட்டிச் சிரித்தாலும் தன்னை ஒருத்தி விரும்புகிறாள் என்று அவனுக்கு மட்டும் உறைக்காது. அவள்தான் வாய்க்கால் தாண்டி, வரப்பு தாண்டிப் போய் அவனை உலுக்க வேண்டும். அப்படி ஒருத்தன் கிடைத்தால் விடுவதில்லை என்று பதினைந்து வயதிலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

கிடைத்தான். அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஃபிளாட்டில், காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு. நான் லேபிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். அவன் ஐடி வேலைக்குத் தெற்கிலிருந்து வந்தவன், ஆறடி ஆள். கையில் பட்டையைக் கட்டினேன், அவ்வளவுதான், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு “அம்மா” என்றான். ஊசி இன்னும் உறையிலிருந்தே வெளியே வரவில்லை! பேச்சை மாற்றிக்கொள்ள, கண்ணைத் திறக்காமலே கேட்டான். “உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க?” இதே அம்பத்தூர்ப் பக்கம், கள்ளிக்குப்பம் என்றேன். “அதுக்கு முன்னாடி எந்த ஊரு?” அப்பாவும் அங்கேதான் பிறந்தார், தாத்தா அங்கேதான் கூலிக்கு நாற்று நட்டார் என்று டியூபைக் குலுக்கிக்கொண்டே சொன்னேன். “கண்ணைத் தொறங்க சார், முடிஞ்சிடுச்சு” என்று பஞ்சை வைத்து அழுத்தினேன். ஐயோ, பச்சப்புள்ள என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

நான்தான் பச்சப்புள்ள. இந்த ஃபிளாட்டுகளில் யாரும் என்ன ஜாதி என்று கேட்க மாட்டார்கள், படித்தவர்கள் பாருங்கள். சொந்த ஊர் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தினமும் பத்து வீடு ஏறி இறங்குகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவன் கேட்டபோது அது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. கிராமத்தானுக்கு ஊர்ப் பாசம் என்று படம் பார்த்த புத்தி சொல்லிவிட்டது.

இரண்டு வருஷம் பழகினோம். காதலை நான்தான் முதலில் சொன்னேன். அவன் காது சிவக்கச் சிரித்தான். கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டில் சொல்கிறேன் என்றான். போனான், வந்தான், சொல்லவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். அடுத்த வருஷமும் போனான், அதே கதை. வெள்ளந்தி, என்ன செய்வான் என்று தோழிகளிடம் அவனுக்காகச் சண்டை போட்டேன். இதற்கிடையில் எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போன மாதம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, அவனே ஒரு வழி கண்டுபிடித்ததாகச் சந்தோஷமாகச் சொன்னான். “உங்களுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் நெலம் இருந்துச்சு, வித்துட்டு வந்துட்டீங்கன்னு அம்மாட்ட சொல்லிருவோம். உங்க அப்பாவையும் அப்படியே சொல்லச் சொல்லு. மத்ததை அவங்களா நெனச்சுக்குவாங்க.”

எனக்கு வந்ததே கோபம். லேத்தில் நின்று நின்று கால் வீங்கிய மனுஷன், தன் அப்பா யார் என்று பொய் சொல்ல வேண்டுமாம், என் கல்யாணத்துக்கு! அப்போதுதான் முதல் நாள் காலை முழுசாக எனக்கு விளங்கியது. ரத்தம் எடுப்பதற்குள்ளேயே கேட்டுத் தெரிந்துகொண்டவன். இரண்டு வருஷமும் தெரிந்தே சும்மா இருந்தவன். படத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கிற வேலையை அப்பாக்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் இருக்கிற வேலையை ஹீரோவுக்குக் கொடுக்கிறார்கள். அதையும் நம்பி நாம் மூக்கைச் சிந்துகிறோம்.

ஆனாலும் விட மனசில்லை. ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லி என் பக்கம் நின்றானென்றால் போதும், அவன் வீட்டில் வெட்டுவேன் குத்துவேன் என்றாலும் அவனைத்தான் கட்டுவது என்று உறுதியாக இருந்தேன். “இப்பவே உங்க அம்மாவுக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல போடு” என்றேன். கெஞ்சினான். நான் அசையவில்லை. போட்டான்.

சாப்பிட்டாயா என்று கேட்டார்கள் அந்த அம்மா. ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று முணுமுணுத்தான். அவர்கள் கோபப்படவில்லை. எந்த ஊர்ப் பெண் என்று கேட்டார்கள். நானே குனிந்து, கள்ளிக்குப்பம் என்றேன்.

“அப்படியாம்மா. அதுக்கு முன்னாடி எந்த ஊரு?”

அதே வார்த்தை, அதே மெதுவான குரல்.

“அதுக்கு முன்னாடியும் அதே ஊர்தாம்மா. எங்க தாத்தா இங்க அடுத்தவங்க நெலத்துல கூலிக்கு நாத்து நட்டவரு. உங்க புள்ளைக்கு மொத நாளே தெரியும்.”

அந்த அம்மா என்னை விட்டுவிட்டு மகனைக் கேட்டார்கள். “ஏய்யா, ஒனக்குத் தெரியுமா?”

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் போலவே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

“எனக்குத் தெரியாதும்மா.”

நான் அழவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவன் அப்படியே கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தான்.

“கண்ணைத் தொறங்க சார்” என்றேன்.

மறுநாள் காலை அவன் இருக்கிற அதே ஃபிளாட்ஸில் இரண்டு வீட்டில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்து, வேறு ஆளை அனுப்பட்டுமா என்று லேபில் கேட்டார்கள். வேண்டாம் என்று நானே போனேன்.