போறேன் என்று சொல்லச் சொன்ன கதவு

கன்னடம் பேசும் சந்தாபுராவில் எங்கள் வீட்டுக் கதவுக்குச் சாவி கிடையாது. அதனிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். உள்ளே வாசலருகே பேச்சைக் கேட்கும் சின்ன ஸ்பீக்கர், வெளியே காலிங் பெல்லுக்குள் ஒரு மைக். வீட்டு ஆள் குரல் காதில் விழுந்தால் கிர்ரென்று பூட்டும், கிர்ரென்று திறக்கும். ஆரணியிலிருந்து ஐந்து மணி நேர பஸ் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்து போனவள் மாதிரி அளக்கிறாளே என்று ஊரில் நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஊரை விட்டு வந்த பிறகு தூரத்தை யார் பஸ் டிக்கெட்டில் பார்க்கிறார்கள்?

குடிவந்த அன்று, கிளம்பும்போது சொல்ல ஒரு வார்த்தை, வரும்போது சொல்ல ஒரு வார்த்தை கொடு என்று பூட்டின் ஆப் கேட்டது. திரையில் ஆங்கிலத்தில் மாதிரி காட்டியிருந்தது. பொம்மசந்திரா ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதும் கை அல்லவா, அதை அப்படியே தமிழாக்கிவிட்டது. போறேன் என்றால் பூட்டு, வரேன் என்றால் திற. எந்த வீட்டிலாவது கிளம்புகிறவர் போறேன் என்று சொல்வாரா? ஒருவர் போய்விட்டார் என்றால் எங்கே என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால் பழகிக்கொண்டோம். என் கணவரும் நானும் தினம் காலையில் ஆளுக்கொரு போறேன் சொல்லிவிட்டு, கூசாமல் லிஃப்டில் இறங்கினோம்.

அப்பா வந்தபோதுதான் வம்பு வந்தது. அம்மா இறந்து ஆரணி வீட்டில் தனியாக இருந்தார். "ஒரு மாசம் இருந்து பாக்கறேன். ஒத்து வந்தா இங்கியே இருந்துடறேன்" என்று இரண்டு பைகளோடு வந்து இறங்கினார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று "போலாம் ரைட்" சொன்ன மனிதர். வீட்டுப் படியில் மட்டும் அந்தப் "போ" தனியாக வந்ததே இல்லை. அவர் குரலையும் பூட்டில் பதிந்து வைத்தேன். சாயங்காலம் டீ குடிக்கக் கிளம்பும்போது, ஆள் இல்லாத வீட்டைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்பார். முதல் பாதியில் "போ" காதில் விழுந்ததுமே பூட்டு விழும். இரண்டாம் பாதியைக் கேட்டுத் திறந்துகொள்ளும். அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விடுவார். இரண்டு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது வீடு ஆவென்று திறந்து கிடந்தது.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். முதலில் இந்தியில் பேசிய பெண், பிறகு ஆங்கிலத்துக்கு வந்தாள்.

"மேடம், ஆர் யூ கோயிங் ஆர் கமிங்?"

"கோயிங்… அண்ட் கமிங்" என்றேன்.

"போத் நாட் பாசிபிள், மேடம்."

அவள் பூட்டைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. வார்த்தையை மாற்றலாமே என்று எனக்கும் தோன்றவில்லை. மெஷினை மாற்றுவதைவிட அப்பாவை மாற்றுவது சுலபம் என்று நினைத்துவிட்டேன்.

"போறேன்னு மட்டும் சொல்லுங்கப்பா. ஒரு வார்த்தைதானே?"

"அந்த ஒரு வார்த்தைதாம்மா வாயில வர மாட்டேங்குது."

"இங்க அப்படித்தான்ப்பா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. மறுநாளிலிருந்து அவர் டீக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாசம் முடியவில்லை, பதினெட்டாம் நாளே பைகளை எடுத்துக்கொண்டார். கணவர் பஸ் ஏற்றிவிட முன்னால் இறங்கிவிட்டார். நான் ஹாலிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"போறேம்மா."

கதவு பூட்டியது. மறுபடி திறக்கவே இல்லை. அப்பாடா, ஒருவழியாகக் கற்றுக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டேன். அதை இன்றைக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அதன்பிறகு எட்டு மாதம். எப்போது கூப்பிட்டாலும், "பாக்கலாம்மா" என்பார்.

போன சனிக்கிழமை பூட்டுக்குப் பேட்டரி மாற்ற, ஆனேக்கல் பக்கத்திலிருந்து மஞ்சுநாத் என்ற மெக்கானிக் வந்திருந்தார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். என் கணவர் போறேன் சொல்லிவிட்டுக் கிளம்பியதும் மஞ்சுநாத் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் மேடம், சார் இப்பிடி சொல்றாரு? எங்க வீட்ல ஹோகி பர்த்தீனி, போயிட்டு வரேன்னுதான் சொல்லணும். சும்மா ஹோக்தீனி, போறேன்னா எங்கம்மா திட்டுவாங்க."

நான் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "முழுசா போட்டா முழுசா கேக்கும் மேடம்" என்று என் போனை வாங்கி இரண்டே நிமிஷத்தில் மாற்றினார். இனி, போயிட்டு வரேன் என்றால் பூட்டும். வெறும் வரேன் என்றால் திறக்கும். ஊரைவிட்டு வந்து பன்னிரண்டு வருஷத்தில் என்னை இத்தனை சீக்கிரம் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. கிளம்புமுன் கேட்டார்: "இந்த ஒரு வாய்ஸ் எட்டு மாசமா யூஸ் ஆகலே. டெலீட் மாடலா, பண்ணிடவா?"

"பேடா, வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.

அன்றைக்கே ஹாலில் துணி மடித்துக்கொண்டே, போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"கதவ சரி பண்ணியாச்சுப்பா. இனிமே போயிட்டு வரேன்னே சொல்லலாம்."

"அதுக்குன்னு ஆளக் கூப்ட்டியா?"

"ஆமாம்ப்பா. எப்ப வரீங்க?"

"பாக்கலாம்மா. அடுப்புல பால் வெச்சிருக்கேன். வரேம்மா" என்று வைத்துவிட்டார்.

போனில் வந்த குரலைக் கேட்டுக் கிர்ரென்று பூட்டு திறந்துகொண்டது. காற்றுக்குக் கதவு மெல்ல அகன்றது. எழுந்து போய்ப் பார்த்தேன். காரிடாரில் யாரும் இல்லை. எங்கள் ஊரில் போனை வைக்கிறவரும் வரேன் என்கிறார், வாசலுக்கு வருகிறவரும் வரேன் என்கிறார். கதவுக்கு ஒரு வரேன்தான் தெரியும். மறுபடி பூட்ட வேண்டுமென்றால் போயிட்டு வரேன் என்று நான் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திறந்தே கிடக்கட்டும் என்று, மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.