கைநீட்ட நோட்டு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வணிகவியல் பட்டம் வாங்கிய பெண். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவேன். அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. ஆனால் கேரள எல்லையோரக் குன்னத்துகால் சந்தையில் அம்மா கொண்டுவரும் ஏத்தன் வாழைக்குலையை யாரும் புரட்டிப் பார்த்து வாங்குவதில்லை. ஒரு காய் அடிபட்டிருந்தாலும் அவளே சொல்லிவிடுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்துத்தான் அவள் வியாபாரம்.

ஓணத்துக்கு முந்தின வாரம் குலைகளை இறக்க நானும் அம்மாவுடன் போயிருந்தேன். எங்கள் பக்கம் அன்றைய முதல் விற்பனைக்குக் கைநீட்டம் என்று பெயர். அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றி, தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். விரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தந்தவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். சந்தை கலையும்வரை அதைச் செலவழிக்கவும் கூடாது.

பைக்கில் வந்த ஒருவர் இருப்பதிலேயே பெரிய குலையைக் காட்டினார். விலை பேசவில்லை. நான்காக மடித்த ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினார். அம்மா கண்ணை மூடி அதை ஒற்றிக்கொண்டு டப்பாவில் போட்டாள். மீதியை இடுப்புப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் படித்த கண் இரண்டும் திறந்துதான் இருந்தன.

சந்தை கலைந்ததும் உரக்கடைக்குப் போனோம். அம்மா டப்பாவிலிருந்து எடுத்து நீட்டிய நோட்டைக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது கள்ளநோட்டாக்கும். சந்தையில இப்ப இதும் விக்கியளோ?”

கடையில் நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். அம்மா நோட்டைத் திரும்ப வாங்கி, உரம் வாங்காமலே படி இறங்கினாள்.

பஸ்ஸில், சந்தையில் எங்களுக்கு அடுத்த இடத்தில் மீன் விற்கும் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. “இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய? ஓணத் திரக்கில, இந்தக் கூட்டத்தில எவன் கையிலயாவது தள்ளி விடுங்க. யாரு பாக்கப் போறா?”

“எனக்கு ஒருத்தன் செய்ததை நான் இன்னொருத்திக்குச் செய்யவா? நீயே வாங்கிக்கிடுதியா?” என்று அம்மா கேட்டாள். அக்கா மீன்கூடையைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

“வீட்டுக்குப் போயி அடுப்பில போட்டுருவேன்,” என்றாள் அம்மா.

“அடுப்பில போடாதம்மா. பேங்க்ல கொடுப்போம்.”

“கொடுத்தா போலீசு வரும், மக்கா.”

“ஒரு நோட்டுக்கு வராது. நோட்டை அவங்க எடுத்துக்கிட்டு ரசீது தருவாவ. பணம் மட்டும் திரும்பக் கிடைக்காது.”

“பணமும் இல்லன்னா பின்ன என்னத்துக்குப் போணும்?”

“எரிச்சா, அந்த உரக்கடைக்காரரு சொன்னது மட்டுந்தான் மிச்சம் இருக்கும். ரசீது இருந்தா காட்டலாம்.”

அம்மா நோட்டை மடித்து இடுப்புப் பையில் வைத்தாள். எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது, “நாளைக்குக் காலத்த பேங்குக்குப் போவோம்,” என்றாள்.

சாயங்காலம், வங்கியில் கேட்டால் சொல்வதற்காக, நடந்ததை ஒரு தாளில் எழுதினேன்: எந்த நேரம், எந்தக் குலை, யார் கொடுத்தது. அம்மாவுக்கு அந்த ஆளின் முகம் நினைவில்லை. எனக்குச் சிவப்பு ஹெல்மெட் மட்டும் நினைவிருந்தது. பிறகு நல்ல நோட்டு ஒன்றை எடுத்துவந்து அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். நோட்டைச் சாய்த்தால் உள்ளே ஓடும் இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும் என்று காட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டே இரண்டு நோட்டுகளின் ஓரத்தையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“நல்லதில கோடு கோடா தட்டுப்படுது. இது வழுவழுன்னு இருக்கு,” என்றாள்.

ஓரத்தில் மேடாக அச்சிட்டிருக்கும் அந்த ஐந்து கோடுகளைக் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

மறுநாள் வங்கியில் காசாளர் நோட்டை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். அதன் மேல் கள்ளநோட்டு என்று முத்திரை குத்தினார், பதிவேட்டில் எழுதினார். “பேடிக்கண்டா அம்மே, ஒரு நோட்டல்லே உள்ளூ,” என்று அவர் மலையாளத்தில் சொன்னார். பயப்பட வேண்டாம், ஒரே நோட்டுதானே என்றதும் அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. கையெழுத்துக்காக ரசீதை என் பக்கம் நகர்த்தினார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

“அவ எதுக்கு? நோட்டு என் கையிலயாக்கும் வந்தது,” என்றாள் அம்மா. மையில் விரலை அமுக்கி, ரசீதில் வைத்தாள். நான் பேனாவை மூடிக்கொண்டேன்.

அங்கிருந்து நேராக உரக்கடை. அம்மா ரசீதை மேசையில் வைத்தாள்.

“இது எதுக்கு? நான் உங்கள ஒண்ணும் சொல்லலியே,” என்றார் கடைக்காரர்.

“சொன்னிய. மூணு பேரு நிக்கும்போ சொன்னிய. இப்பவும் ஆளு நிக்கி. வாசி, மக்கா.”

நான் வாசித்தேன். கள்ளநோட்டு என்று தெரிந்ததும் அம்மா தானாகவே வங்கியில் ஒப்படைத்ததை, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என் படிப்புக்கு அவ்வளவு நல்ல வேலை அதற்கு முன்பு கிடைத்ததில்லை. கடைக்காரர் ரசீதை மடித்து, இரண்டு கையாலும் அம்மாவிடம் தந்தார். “விளையாட்டாச் சொன்னது, அக்கா. மனசில வச்சுக்கிடாதிய.”

“உரம் எடுங்க,” என்றாள் அம்மா.

அடுத்த சந்தை நாளில் முதலில் வந்தது ஒரு டீச்சர். அம்மா அவர் கொடுத்த நோட்டை விரித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள்.

“என்னம்மா, நோட்டுக்கு நாடி பிடிச்சுப் பாக்கியளா?”

“ஆமா டீச்சரே. உயிரு உண்டு.”

பிறகு அதைக் கண்ணில் ஒற்றி, டப்பாவில் மடித்து வைத்திருந்த ரசீதின் மேல் போட்டு மூடினாள்.