செஞ்சியிலிருந்து எரிமலை எழுதியவன்

எரிமலையைப் பற்றி எழுத எரிமலையை நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. கிட்டப் போய்ப் பார்த்தவன் எழுத மிஞ்சுவதும் கிடையாது. "இன்னா வேலை பாக்கறே?" என்றால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது புரியும். அறுபதுகளில் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்காக உலகத்து எரிமலை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டேன். பெயர், இடம், எப்போதெல்லாம் வெடித்தது, இப்போது உயிருள்ளதா, உறங்குவதா, செத்ததா. செஞ்சி கடைத்தெருவில் மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை. வெயிலில் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் உச்சியில் புகை கிளம்புகிற மாதிரி இருக்கும். அரை நாள் அப்படியே போய்விடும், போங்கள்!

ஒரு கோடு

பெயர்ப்பலகை எழுதிய புண்ணியவான் 'எ'வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டான். 'ஏரிமலைக் குறிப்பு அலுவலகம்' ஆயிற்று. அவலூர்பேட்டை விவசாயி ஒருவர் ஏரிக்கரை உடைந்ததென்று மனுவோடு மாடியேறி வந்தார். இது நெருப்பு மலை சமாசாரம் என்று தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்கியோ எரியற மலைக்கு ஆள் போட்டிருக்கறாங்க, எங்க ஏரிக்கு ஒரு ஆள் இல்லியா?"

போகாத பொழுது

அறுபத்து மூன்றில் பாலித் தீவு மலை வெடித்தது. அப்புறம் சில மாதம் சூரியன் இறங்கியும் வானம் இருட்டவில்லை. ரோஜா நிறம், பிறகு கத்தரிப்பூ நிறம். கோட்டைச் சுவரெல்லாம் மெல்லச் சிவந்து நிற்கும். அங்கே பறந்த தூசிதான் இங்கே வந்து மினுக்குகிறது என்று நினைக்கையில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கீழே அரிசிக் கடை வைத்திருந்த வீட்டுக்காரர் மேல்சித்தாமூர் நயினார். பொழுது போனால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத ஜைனர். கையில் சாப்பாட்டுத் தட்டோடு தெருவில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"ஏம்பா, உன் மலை பண்ற கூத்துல நான் இப்ப சாப்டலாமா, கூடாதா? அத்த மொதல்ல அட்டையில எழுது."

மேரியம்மா

பக்கத்துக் கிராமத்து மேரியம்மாவின் புருஷன் பாலிக்கு அடுத்த ஜாவாவில் கடை வேலைக்குப் போனவர். மலை வெடித்ததிலிருந்து கடிதமே இல்லை. வாராவாரம் பஸ் ஏறி வந்து, "மலை இன்னா பண்ணுது சார்?" என்பாள். எனக்கு என்ன தெரியும், பத்திரிகைத் துண்டுகளைத் தவிர? "அவர் இருக்கிற ஊர் தூரம்மா, ஒன்றும் ஆகியிருக்காது" என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவேன். படியில் அவள் காலடி கேட்டாலே வரைபடத்தை எடுத்து விரித்துவிடுவேன்.

ஒருநாள் கடிதம் வந்துவிட்டதென்று ஓடி வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்தேன். ஆள் சுகம். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டாராம், தன்னை எதிர்பார்க்க வேண்டாமாம். பாதியில் கடிதத்தை மடித்தேன். "படிங்க" என்றாள். முடித்தேன். மேஜைமேல் இருந்த பாலி மலை அட்டையைக் காட்டி, அந்த மலைக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். உயிருள்ளது என்றேன்.

"அப்ப அந்தாளுக்கும் ஒரு அட்டை போடுங்க சார். செத்ததுன்னு எழுதுங்க."

எது எப்போது வெடிக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெடித்த பிறகு எழுதத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.