எண்ணெய்த் தலையோடு காட்டுக்குள்

எங்கள் வீட்டில் ‘எங்க ஊரு’ என்றால் தென்காசி. ‘இந்த ஊரு’ என்றால் அப்பா வேலை பார்த்த கடலோர டவுன்ஷிப். ஏழு வருடம் குடியிருந்தும் அம்மா இதை ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்தாலும் ‘இந்த ஊரு’, பால் திரிந்தாலும் ‘இந்த ஊரு’. ஆனி பிறந்தால் நிலைமை இன்னும் மோசம். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று சித்தி கடிதம் போடுவாள். அன்று சாம்பாரில் உப்பு இருக்காது. வேலையை மாற்றிக்கொண்டு ஊரோடு போய்விட வேண்டும் என்று அம்மா மல்லுக்கு நிற்பாள். தன் வேலைக்கு அங்கே இடமே கிடையாது என்பார் அப்பா. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஒருநாள் எங்களை விட்டுவிட்டுத் தனியாக ரயிலேறிவிடுவாள் என்று உண்மையாகவே பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் பஸ் டிரைவர் அப்பாவிடம் ஒரு சேதி சொன்னார். செங்கல்பட்டைத் தாண்டி, காப்புக்காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தால் ஓர் அருவி உண்டாம். வழியை ஆதியோடந்தமாகக் கேட்டு வந்த அப்பா, அது எப்போது விழும் என்று மட்டும் கேட்கவில்லை. தென்காசிக்காரருக்கு அருவி என்றால் ஆனி, ஆடி. இதைப் போய் ஒருவரிடம் கேட்பார்களா?

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அருவிக்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். மூன்று பேர் தலையிலும் நல்லெண்ணெயை ஊற்றி அரக்கித் தேய்த்தாள். சீயக்காய்ப் பொட்டலம், துண்டுகள், ஒரு தூக்கு நிறையப் புளியோதரை. பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய் நின்றுகொண்டார்கள். அம்மாவோ ஜன்னலோரம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

காட்டு முனையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னா சார், தலையில எண்ணெய வச்சிகினு எங்க போறீங்க?”

“அருவிக்கு” என்றார் அப்பா.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஆடியில ஏது சார் தண்ணி? காஞ்சி கெடக்குது. ஐப்பசி கார்த்திகையில வா சார், சும்மா ஊத்திகினு இருக்கும்.”

அப்பா கேட்டால்தானே? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று முன்னால் நடந்தார். காரைமுள் என் பாவாடையைக் கிழித்தது. எண்ணெய் வழிந்து கண் எரிந்தது. கடைசியில் பனைமர உயரத்துக்கு ஒரு பாறை வந்தது. நடுவில் தண்ணீர் இறங்கிய கறுப்புத் தடம், அடியில் சருகு. தண்ணீர்தான் இல்லை. யாரோ ஒளித்து வைத்துவிட்டதுபோல அப்பா பாறையை இரண்டு முறை சுற்றி வந்தார்.

“இந்த ஊருக்கு அருவி ஒண்ணுதான் கேடு” என்றாள் அம்மா. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மறுநாள் அம்மா பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து, கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று தினமும் குனிந்து பார்ப்பேன்.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை கொட்டியது. ஐந்தாம் நாள் வெயில் எட்டிப் பார்த்ததும், அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை அம்மா முன்னால் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

“உங்கள நம்பி இன்னொரு தடவையா?” என்றபடியே அம்மா கிண்ணத்தை எடுத்தாள்.

இந்த முறை காடு முழுக்கச் சேறு. பாறை கண்ணில் படுமுன் சத்தம் கேட்டது. அம்மா என் கையை உதறிவிட்டு ஓடினாள். குற்றாலத்தின் கால் தூசிக்குக் காணாத அருவிதான். மூன்று பேர் நின்றால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். அப்பா வெளியே நின்றார். தண்ணீர் முதுகில் அறைய அறைய, “ஏட்டி, வாட்டி உள்ள” என்று அம்மா என்னை இழுத்தாள். திரும்பும்போது அதே ஆட்டுக்காரப் பெண், “இன்னாமா, குளிச்சியா?” என்று கேட்டாள். அம்மா பதிலுக்குத் தூக்கைத் திறந்து அவளுக்குப் பாதிப் புளியோதரையைக் கொடுத்தாள்.

பெட்டி பரணுக்குத் திரும்பியது. அதன்பின் மழை நன்றாகப் பெய்த வருடமெல்லாம் போனோம்.

நான் கல்லூரி முடித்த வருடம், ஆனியில் சித்தி செல்போனில் கூப்பிட்டாள். “சாரல் தொடங்கிட்டு, வாறியாக்கா?”

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னாள்: “இப்ப எங்கட்டி வர? எங்க ஊர்ல கார்த்திகையிலதான் விழும். நீ அப்ப வா.”

அப்பா பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. சொல்லிக் காட்டினால் மாற்றிவிடுவாளோ என்று பயம்.