அசைந்த படம்

கலஹாவில் கல்யாணப் படம் பிடிக்கும் ராஜலிங்கத்துக்கு ‘இருட்டு’ என்று இன்னொரு பெயர் உண்டு. கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனாலும் பிளாஷ் போட மாட்டான். பூனைக்குத் தெரியாததும் தன் கமராவுக்குத் தெரியும் என்று பேராதனை பஸ்ஸில்கூடப் பீற்றிக்கொள்வான். ஒரே வீம்பு, படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி விழக் கூடாது. விழுந்தால் அந்த இடத்திலேயே அழித்துவிடுவான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவன் மனைவி அனுஷியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் தீட்டு கழியும்வரை பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது என்றாள் அவனுடைய மாமியார் இரத்தினம்மா. தோட்டத்து லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவின் ஒற்றை ஜன்னலையும் சேலையால் மூடிவிட்டாள். ஊரார் பிள்ளைகளையெல்லாம் எடுத்துத் தள்ளியவனுக்கு இதை எப்படிப் பொறுக்க முடியும்? ஆசை வெட்கம் அறியாது.

பதினெட்டாம் நாள், மாமியார் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம். வெளியே மழை, உள்ளே பட்டப்பகலிலேயே இருட்டு. அனுஷியா பிள்ளைக்குப் பக்கத்தில் கையை நீட்டி அயர்ந்திருந்தாள். பிள்ளை மட்டும் விழித்துக் கிடந்தது. கமராச் சத்தம் கேட்டால் அவள் எழுந்துவிடுவாள். ஒன்றே ஒன்றுதான் எடுக்கலாம். இருட்டுக்காக ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வு அளவைக் கூட்டினால் புள்ளி விழும் என்று கூட்டவில்லை. கமராவைக் கதிரைமேல் ஊன்றி, ஷட்டரை ஒரு வினாடி திறந்துவைத்து எடுத்தான். மாப்பிள்ளையை அசையாமல் நிற்கச் சொல்லலாம், பிள்ளையிடம் யார் சொல்வது?

படத்தில் தாயின் கை, வளையல் கீறல்வரை தெளிவாக இருந்தது. பிள்ளையின் முகம் மட்டும் அசைவில் கலைந்து புகையாகிவிட்டது. முப்பத்தொன்று கழியட்டும், ஆயிரம் எடுக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

இருபத்துநாலாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதோடு எல்லாம் முடிந்தது.

விஷயம் தெரிந்தால், படம் எடுத்ததால்தான் பிள்ளை போனான் என்று அனுஷியா சொல்லிவிடுவாளோ என்று ராஜலிங்கம் பயந்தான். இதையெல்லாம் நம்பாதவன்தான், ஆனாலும் பயந்தான். அழிக்கும் பொத்தானில் எத்தனையோ தடவை விரலை வைத்து எடுத்தான்.

ஒரு மாதம் கழித்து அவளே கேட்டாள்.

“என்னாங்க, அவன் மூஞ்சி மறந்துகிட்டே வருது. ஒரு படமாச்சும் எடுத்தீங்களா? அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கமராவை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

“மூஞ்சிய நான்தான் கெடுத்துப்புட்டேன், அனு. புள்ளி விழுந்தா விழட்டும்னு விட்டிருக்கணும்.”

திரையில் ஆவி படிந்திருப்பதாக நினைத்து அவள் முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகுதான் புரிந்தது.

“அசைஞ்சிருக்கான்” என்றாள் மெதுவாக. “நான் கடைசியா பாத்தப்ப அசையலங்க. இதுல அசையிறான்.”

அந்தப் படம் இப்போது அவர்கள் அலுமாரிக்குள் இருக்கிறது. ராஜலிங்கம் புள்ளி விழுந்த படங்களை அழிப்பதில்லை. ‘இருட்டு’க்குக் கண் மங்கிவிட்டது என்கிறார்கள் ஊரில்.